நாள் இடாத பட்டியல்

முள்ளுக்குறிச்சியில் நான் செய்வது பழைய காகிதங்களைப் படம் எடுத்துக் கணினியில் சேர்த்துவைக்கும் வேலை. ராசிபுரத்திலிருந்து நாமகிரிப்பேட்டை வழியாக வந்தால் கொல்லிமலையின் அடிவாரத்தில் எங்கள் ஊர். மலைமேல் நாடு நாடாகப் பிரிந்து கிடக்கும் ஊர்களிலிருந்து இறங்கி வருகிறவர்கள் மிளகுப் பையோடு இன்னொரு பையையும் கொண்டுவருவார்கள். அதற்குள் கந்தாய ரசீது, பி மெமோ, மடிப்பு கிழிந்த பத்திரம், பழைய ரேஷன் கார்டு எல்லாம் இருக்கும். "கண்ணு, இது எந்த வருசத்துக் காயிதம்னு பாத்துச் சொல்லு" என்று நீட்டுவார்கள். எழுதியிருப்பது என்ன என்று முதலில் கேட்பவர்கள் குறைவு. வருசம்தான் முதல் கேள்வி.

அதற்குக் காரணம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பே அந்த நிலத்தில் இருந்ததைக் காட்டினால்தான் பழங்குடிக் குடும்பத்துக்கு உரிமை. பழங்குடி அல்லாத, காட்டை நம்பி வாழும் மற்றவர்கள் 75 ஆண்டு இருப்பைக் காட்ட வேண்டும். ஆக்கிரமிப்பு என்று சொல்லி அபராதம் போட்ட பி மெமோகூட இங்கே நல்ல சான்று. அந்த வருசத்தில் அந்த ஆள் அந்த இடத்தில் இருந்தார் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்த காகிதம் அது. ஆனால் தேதி அழிந்துபோன பி மெமோவால் அவருக்குப் பெரிய பயன் இல்லை.

இப்படி ஒரு குடும்பத்தின் காகிதங்கள் கோப்புகளாக மாறியதும் அவற்றுக்கு ஒரு பட்டியல் எடுக்கிறேன். என் மடிக்கணினியில் இருப்பது லினக்ஸ். 2011-இல் தமிழ்நாடு அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. என் அக்கா மகன் படித்து முடித்துக் கைவிட்ட அப்படியொரு கணினியில்தான் நான் இதைப் பழகினேன். அதில் 'எல்.எஸ்.' என்று தட்டினால் ஓர் அடைவில் உள்ள கோப்புகளின் பட்டியல் வரும். கூடவே ஒரு கோடும் 'எல்' எழுத்தும் சேர்த்தால் ஒவ்வொரு கோப்பின் அளவும் அது கடைசியாக மாறிய நேரமும் வரும். ஆனால் அந்தப் பட்டியல் எடுக்கப்பட்ட நாள் அதில் எங்கும் வராது.

இது சின்னக் குறைபோலத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. கோப்புக்கு ஒரு நாள் உண்டு, கோப்புகளை எண்ணி எழுதிய பட்டியலுக்கு இன்னொரு நாள் உண்டு. இன்ன தேதியில் இந்தக் குடும்பத்திடம் இத்தனை காகிதம் இருந்தது என்று சொல்ல வேண்டுமானால் இரண்டாவது நாள் இல்லாமல் முடியாது. அந்த இரண்டாவது நாளை, கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஷெல் நிரல் ஒன்றை எழுதி நாமேதான் சேர்க்க வேண்டியிருக்கிறது. இந்தப் பழக்கம் லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸோடு பிறந்ததல்ல. எங்கள் பக்கத்துக் கணக்கு எழுதிகள் இதே சிக்கலோடு பல நூறு ஆண்டு மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

சோழர் கல்வெட்டிலிருந்தே தொடங்கலாம். அரசன் பட்டத்துக்கு வந்து எத்தனையாவது ஆண்டு என்பதுதான் அங்கே தேதி. சோழர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற இரண்டு பட்டங்களை மாற்றி மாற்றிச் சூடினார்கள். அரசனின் சொந்தப் பெயர் இல்லாமல் 'பரகேசரிக்கு ஐந்தாவது ஆண்டு' என்ற அளவில் நின்றுவிட்ட கல்வெட்டு எந்தப் பரகேசரியைச் சொல்கிறது? எழுத்தின் வடிவத்தையும் அதில் வரும் அதிகாரிகளின் பெயர்களையும் வைத்து ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். கல்லில் வெட்டிய அன்றைக்கு அது யாருக்கும் சந்தேகம் தராத தேதி. கோயிலுக்கு வந்து படித்த எல்லோருக்கும் அன்று ஆண்ட அரசன் யார் என்று தெரியும்.

ஓலையில் வேறு முறை. பிரபவ தொடங்கி அட்சய முடிய அறுபது வருடப் பெயர்கள். ஏட்டின் கடைசியில், எழுதி முடித்தவர் வருடப் பெயரும் மாதமும் தேதியும் போட்டுத் தன் பெயரையும் எழுதுவார். இரத்தாட்சி வருடம் என்று இருந்தால் அது 1984-ஆக இருக்கலாம், 1924-ஆக இருக்கலாம், 1864-ஆகவும் இருக்கலாம். எழுதியவர் காலத்தில் இதில் குழப்பம் இல்லை. மூன்று தலைமுறை தாண்டி ஏடு வேறு கைக்குப் போகும்போதுதான் குழப்பம்.

இதைத் தெரிந்தே விவரமான எழுத்தர்கள் தேதியை ஒற்றையாக விடவில்லை. வருடம், மாதம், தேதியோடு கிழமை, நட்சத்திரம், திதி மூன்றையும் சேர்த்தார்கள். சில செப்பேடுகளில் சக ஆண்டையும் கலி ஆண்டையும் சேர்த்தார்கள். தெற்கே போனால் கி.பி. 825-இல் தொடங்கும் கொல்லம் ஆண்டும் சேரும். ஒன்று தவறினால் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1922-இல் 'இந்தியன் எபிமெரிஸ்' என்ற பெரும் அட்டவணைத் தொகுதிகளை வெளியிட்டார். பின்னாளில் சென்னைச் சட்டமன்றத்தின் தலைவராகவும் இருந்தவர் அவர். கிழமையும் திதியும் நட்சத்திரமும் ஒன்றுகூடும் நாள் எது என்று அந்த அட்டவணையைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் வருடப் பெயரில் எது சரியான சுற்று என்று பிரித்துச் சொல்லக் கிழமை ஒன்றே பல நேரம் உதவும். தேவைக்கு மேல் எழுதிவைத்த அந்த எழுத்தர்களை நினைத்தால் எனக்குப் பெரிய மரியாதை வருகிறது. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பரில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியபோதும் ஐரோப்பிய ஆண்டையும் நள வருடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டு உலகத்தோடும் கணக்கு வைத்திருந்த வணிகருக்கு அது தேவையாக இருந்தது.

கணக்கேடுகளில் நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵ என்று சுருக்கக் குறிகள் உண்டு. ஒருங்குறியில் இவை 2003-இல் வந்த நான்காம் பதிப்பில் சேர்ந்தன. இன்னொரு குறியும் அப்போது சேர்ந்தது: ௸, அதாவது மேற்படி. நான் படம் எடுக்கும் கணக்குகளில் என்னை அதிகம் வருத்துவது இந்தக் குறிதான். முதல் பக்கத்தில் தேதியை முழுசாகப் போட்டுவிட்டு அடுத்த பக்கமெல்லாம் 'மேற்படி தேதி' என்று போய்க்கொண்டே இருக்கும். முதல் பக்கம் கரையானுக்குப் போயிருந்தால் மீதிப் பக்கங்களுக்குத் தேதியே இல்லை. அதனால்தான் சொல்கிறேன், ஒவ்வொரு பட்டியலும் தன் தேதியைத் தானே சுமக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் வேறொன்றை நம்பி இருக்கக் கூடாது.

என் தாத்தா கர்ணமாக இருந்தவர். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. பிறகு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். அதுவரை அவர் எழுதிய அடங்கலில் தேதியைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது பசலி. அடங்கலும் ஒரு பட்டியல்தான்: எந்தப் புல எண்ணில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு, யார் அனுபவம். பசலி என்பது அக்பர் காலத்தில் அறுவடையை ஒட்டி வந்த வரி ஆண்டு. சென்னை மாகாணத்தில் முதலில் அது ஆடி முதல் தேதியில் தொடங்கியது; 1855-இலிருந்து ஜூலை 1. 2025 ஜூலையில் தொடங்கியது 1435-ஆம் பசலி. இன்றும் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கும்போது பசலியைச் சொல்லித்தான் கிராமக் கணக்கைத் தணிக்கை செய்கிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் பசலி எழுதிய அந்த அடங்கல்களில் நடுவிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எடுத்தாலும் அது எந்த ஆண்டுக்கு என்று சொல்லிவிடலாம். மேற்படிக் குறியோடு ஒப்பிட்டால் எவ்வளவு பெரிய முன்னேற்றம்!

இந்தச் சிக்கல் நம் ஊருக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். லண்டனில் 1661-இல் ஹென்றி பிஷப் என்ற அஞ்சல் தலைவர், தபால்காரர்கள் கடிதத்தைத் தாமதிக்கிறார்கள் என்ற புகாரைத் தடுக்க ஒரு வட்ட முத்திரை கொண்டுவந்தார். உலகின் முதல் தேதி முத்திரைகளில் ஒன்று அது. அதில் மாதமும் நாளும் உண்டு, ஆண்டு இல்லை. அன்றைய தாமதத்தைப் பிடிக்க அது போதும். இன்று அந்தக் கடிதத்தை வைத்திருப்பவருக்குப் போதாது.

முந்நூறு ஆண்டு கழித்து அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸை உருவாக்கினார்கள். 1971 நவம்பர் 3 தேதியிட்ட முதல் கையேட்டிலேயே 'எல்.எஸ்.' இருக்கிறது, தேதியும் நேரமும் சொல்லும் 'டேட்' கட்டளையும் இருக்கிறது. அன்றைக்கு நேரத்தை நொடியின் அறுபதில் ஒரு பங்காக எண்ணினார்கள். தொடக்கம் 1971 ஜனவரி 1. 32 பிட் எண்ணில் அந்த வேகத்தில் எண்ணினால் 829 நாளுக்குள் எண் தீர்ந்துவிடும். ஆகவே தொடக்க நாளை மாற்ற வேண்டியிருந்தது. கடைசியில் முழு நொடியாக எண்ணுவது, தொடக்கம் 1970 ஜனவரி 1 என்று நிலைத்தது. பட்டத்துக்கு வந்த ஆண்டிலிருந்து எண்ணும் அதே ஏற்பாடு, அரசன் மட்டும் இல்லை.

'எல்.எஸ்.' நேரம் காட்டும் விதத்தில் ஒரு விநோதம் உண்டு. ஆறு மாதத்துக்குள் மாறிய கோப்பு என்றால் மாதம், தேதி, மணி, நிமிடம் காட்டும், ஆண்டைக் காட்டாது. ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டால் மணியை விட்டுவிட்டு ஆண்டைக் காட்டும். திரையில் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு இது வசதி. பட்டியலை ஒரு கோப்பில் போட்டு ஐந்து ஆண்டு கழித்துத் திறந்தால் 'மார்ச் 12, 14:05' என்று நிற்கும். எந்த மார்ச்? பிஷப் முத்திரையும் இரத்தாட்சி வருடமும் செய்ததைத்தான் இதுவும் செய்கிறது: அன்றைக்குப் பக்கத்தில் இருப்பவருக்குப் புரிவது, தூரத்தில் இருப்பவருக்குப் புரியாமல் போகிறது. பிற்காலத்தில் குனு கருவிகளில் நேரப் பாணியை நீள ஐ.எஸ்.ஓ. வடிவில் கேட்கலாம் என்று ஒரு வசதி வந்தது. அப்போது எல்லா வரியிலும் ஆண்டு வரும். ஆனாலும் பட்டியலின் சொந்த நாள் வராது.

அதை வரவழைக்கத்தான் ஷெல். ஒரு கட்டளை தரும் விடையை இன்னொரு கட்டளைக்குள் வைக்க 1979-இல் வெளிவந்த ஸ்டீபன் போர்னின் ஷெல்லில் சாய்ந்த ஒற்றை மேற்கோள் குறி இருந்தது. டேவிட் கோர்ன் 1980-களில் தன் ஷெல்லில் டாலர் குறியும் பிறை அடைப்பும் கொண்ட வடிவத்தைக் கொண்டுவந்தார். 1989-இல் வந்த பாஷ் இரண்டையும் ஏற்றுக்கொண்டது. நான் எழுதியிருப்பது சில வரிதான். முதல் வரி 'டேட்' கட்டளையைக் கூப்பிட்டு ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி, நேர மண்டலம் எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்கி ஒரு மாறியில் வைக்கிறது. அடுத்த வரி அந்த மாறியிலிருந்து ஒரு கோப்புப் பெயர் செய்கிறது. அடுத்தது அந்தக் கோப்பின் தலையில் தேதியை எழுதி, அதன் கீழே 'எல்.எஸ்.' பட்டியலைக் கொட்டுகிறது.

ஒரே தடவையில் வாங்குவது முக்கியம். பெயருக்கு ஒரு தரம், தலைப்புக்கு ஒரு தரம் என்று 'டேட்' கட்டளையை இரண்டு முறை கூப்பிட்டால், நடுவில் நள்ளிரவு கடந்துவிட்டால், ஒரே பட்டியலுக்கு இரண்டு தேதி வந்துவிடும். பெயரில் ஆண்டை முதலில் வைப்பதும் அப்படித்தான். நாம் வழக்கமாக எழுதும் நாள், மாதம், ஆண்டு வரிசையில் பெயர் வைத்தால் எல்லா மாதத்து முதல் தேதிகளும் ஒரே இடத்தில் கூடிவிடும். 1988-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 8601 தரம் சொல்வதுபோல் ஆண்டு, மாதம், நாள் என்று வைத்தால் பெயர் வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும். சாய்வுக்கோடு போட முடியாது; யூனிக்ஸில் அது அடைவைப் பிரிக்கும் குறி. முக்காற்புள்ளியும் போடக் கூடாது. பென் டிரைவில் ஏறாது. இந்த நிரலை இரவு தானாக ஓடும்படி கிரான் அட்டவணையில் வைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: 'டேட்' கட்டளையில் தேதியின் வடிவத்தைக் கேட்க வரும் சதவீதக் குறிக்கு அங்கே வரி முடிந்தது என்று பொருள். முன்னால் ஒரு பின்சாய்வு போடாவிட்டால் தேதி கேட்கும் கட்டளை பாதியில் அறுந்துபோகும். நிரலைத் தனிக் கோப்பில் வைத்து அதன் பெயரை மட்டும் அட்டவணையில் எழுதுவது நல்லது.

நேர மண்டலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஜான் கோல்டிங்காம் 1802-இல் சென்னை வான்காணகத்தில் கணித்த சென்னை நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முன்னால் இருந்தது. 1906 ஜனவரி 1-இல் ஐந்தரை மணி என்ற இந்திய நேரம் வந்தது. போர்க்காலத்தில், 1942 முதல் 1945 வரை, அதையும் ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். கணினியில் 'ஏசியா/கொல்கத்தா' என்று நேர மண்டலம் வைத்தால் இந்த வரலாறும் அதற்குள் இருக்கிறது. வெளிநாட்டு வாடகைச் சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும். அங்கே தேதி மாறும்போது முள்ளுக்குறிச்சியில் விடிகாலை ஐந்தரை. பஞ்சாங்கக் கணக்கிலும் நாள் மாறுவது சூரிய உதயத்தில்தான். புதன்கிழமை விடியற்காலம் மூன்று மணிக்குப் பிறந்த பிள்ளைக்கு ஜாதகத்தில் செவ்வாய், பிறப்புச் சான்றில் புதன். அந்தச் சர்வரும் அப்போது செவ்வாய் என்றுதான் சொல்லும். பாட்டிமார் ஒரு நாளைச் சொல்லிக் காகிதம் இன்னொரு நாளைச் சொல்லும்போது, பாட்டியைத் தவறு என்று ஒதுக்கும் முன் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

கோப்பின் சொந்தத் தேதியை நம்ப முடியாததற்கு வேறு காரணங்களும் உண்டு. சாதாரணமாக நகல் எடுத்தால் புதுக் கோப்புக்கு நகல் எடுத்த நேரமே தேதியாகிவிடும்; பழைய தேதியைக் காப்பாற்று என்று தனியாகச் சொல்ல வேண்டும். பென் டிரைவுகளில் இருக்கும் 'ஃபேட்' முறை 1980-க்கு முந்தைய தேதியை அறியாது, நேரத்தை இரண்டிரண்டு நொடியாகத்தான் எண்ணும், நேர மண்டலத்தை எழுதிவைக்காது. கேமராவின் உள்பேட்டரி தீர்ந்தால் அது தன் தொழிற்சாலைத் தேதிக்குப் போய்விடும். ஆகவே படம் எடுத்த அன்றைக்கே பட்டியலும் எடுத்துவிடுகிறேன். ஒவ்வொரு கோப்புக்கும் 'ஷா 256' என்ற முறையில், அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஒரு ஹேஷ் எண்ணும் எடுத்துப் பட்டியலில் சேர்க்கிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவில், மின்னணு ஆவணத்துக்குக் கொடுக்கும் சான்றிதழிலேயே ஹேஷ் மதிப்பைக் குறிக்க இடம் வைத்திருக்கிறார்கள்.

பட்டியலின் தலையில் நான் ஒரு தேதியோடு நிற்பதில்லை. அரசாணைகளின் தலையில் ஆங்கிலத் தேதியோடு தமிழ் வருடப் பெயரும் திருவள்ளுவர் ஆண்டும் இருக்கும். அந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டு பசலியையும் சேர்த்திருக்கிறேன். திருவள்ளுவர் ஆண்டுக்கு ஆங்கில ஆண்டோடு 31 கூட்ட வேண்டும், தை பிறந்திருந்தால். பசலிக்கு ஜூலை முதல் 590-ம் அதற்கு முன் 591-ம் கழிக்க வேண்டும். தமிழ் வருடத்துக்கு இப்படிக் கழித்தால் போதாது. சித்திரை முதல் தேதி ஏப்ரல் 14-ஐ விட்டு ஒரு நாள் தள்ளியும் வரும். அதற்குப் பஞ்சாங்கத்தைப் பார்த்து எழுதிய அட்டவணை வேண்டும். அறுபது வருடப் பெயர்களின் இப்போதைய சுற்று அட்சய வருடத்தோடு 2047 ஏப்ரலில் முடிகிறது. அதற்கு முன்பே, 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு, பழைய 32 பிட் கணினிகளின் நொடி எண்ணிக்கை தீர்ந்து 1901-க்குத் திரும்பும். இப்போதைய 64 பிட் கணினிகளுக்கு அந்தப் பயம் இல்லை.

இவ்வளவு செய்தாலும் கணினி சொல்லும் தேதி தனியாக நின்றால் சாட்சி ஆகாது. 'டேட்' கட்டளை நேரத்தைச் சொல்வதோடு, நிர்வாகி உரிமை உள்ளவர் கேட்டால் கடிகாரத்தை மாற்றவும் செய்யும். 'டச்' என்ற கட்டளை எந்தக் கோப்புக்கும் எந்தத் தேதியையும் வைக்கும். பழைய பத்திரங்களில் எழுதியவருக்குக் கீழே சாட்சிகள் கையெழுத்துப் போட்டதற்கு இதே காரணம்தான். ஆகவே பட்டியலை அச்சிட்டதும் காகிதத்துக்குரிய குடும்பத்தார் ஒருவரையும் அவர்கள் ஊரைச் சேர்ந்த இன்னொருவரையும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடச் சொல்கிறேன், தேதியைத் தங்கள் கையாலேயே போடச் சொல்கிறேன். சிலர் ஆங்கிலத் தேதி போடுகிறார்கள். சிலர் 'வல்வில் ஓரி விழா முடிந்த மறுநாள்' என்று எழுதுகிறார்கள். ஆடி 17, 18 இரண்டு நாளும் செம்மேட்டில் விழா என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் எழுதியதை நான் திருத்துவதில்லை. கையெழுத்தான தாளையும் படம் எடுத்து, அடுத்த பட்டியலில் அதற்கும் ஒரு வரி கொடுக்கிறேன்.